பேதுருவின் கதிரை

கொட்டாஞ்சேனை
28.11.2021
திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு

அன்புள்ள மருமகள் இமெல்டாவுக்கு,

கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கிரேன் ஓட்டி, ஒரு பெட்டியைக்கூடக் கடலில் போடாத உன் மாமன் சீமாம்பிள்ளை சுகமாக இருந்துகொண்டு எழுதுவது. நீயும் பலெர்மோவில் குளிருக்குக் கம்பளி போட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போடாவிட்டால் போடு.

இன்றைய சுவிசேஷம் லூக்கா. சூரியனிலும் சந்திரனிலும் அடையாளங்கள் தோன்றும், கடல் கொந்தளிக்கும், சனங்கள் பயத்தில் மயங்கி விழுவார்கள், அந்த நேரம் பார்த்து நீங்கள் தலையை நிமிர்த்தி நில்லுங்கள் என்கிறார் ஆண்டவர். பாதர் இதற்கு இருபது நிமிஷம் பிரசங்கம் வைத்தார். நான் என்றால் இரண்டு நிமிஷம். இங்கே வீடு வீடாகக் காஸ் சிலிண்டர் வெடிக்கிறது, பால்மாவுக்கு வரிசை, டொலர் இல்லை என்கிறார்கள். எண்பதடி உயரத்தில் கிரேன் பெட்டிக்குள் நான் இருக்க, கீழே புயல் கப்பலையே தூக்கி அடித்த நாள் ஒன்று உண்டு. குனிந்து பார்த்தவனுக்குத் தலை சுற்றும். நிமிர்ந்து பார்த்தவன் இறங்கி வந்து தேத்தண்ணி குடிப்பான். சுவிசேஷம் அவ்வளவுதான். ஏழாம் வகுப்போடு படிப்பை நிற்பாட்டாவிட்டால் நான் இன்றைக்கு ஆயர். இதை நான் சொல்லவில்லை, ரோமாபுரியில் இருந்து வந்த ஒரு சுவாமியாரே சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாததால் ஜாடையில் சொன்னார்.

உன் அம்மா நேசமலர் நலம். காஸுக்குப் பயந்து மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறிவிட்டாள். புதுச் செருப்புக் கடித்து வலது காலில் ஒரு சின்னப் புண், நுளம்பு கடித்த அளவு. சீனி வருத்தக்காரி, ஆற இரண்டு நாள் கூட எடுக்கும். நீ யோசிக்காதே.

பெரிய வியாழனுக்கு நாலரை மாதம் இருக்கும்போதே நம் கதிரைக்கு வார்னிஷ் அடித்துவிட்டேன். அங்கே உன்னோடு பூசைக்கு வருகிறவர்களுக்குச் சொல். ஆண்டவர் கடைசி இராவுணவில் சீடருக்குச் செய்ததுபோல, பெரிய வியாழன் அன்று எங்கள் கோயிலில் பாதர் கால் கழுவுகிற பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு கதிரை உண்டு. கோயில் கட்டின காலத்தில் பன்னிரண்டு வீட்டார் கொடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு அப்போஸ்தலர் பெயர், அந்தந்த வீட்டு ஆம்பிளைதான் அதில் இருப்பான். முதலாவது பேதுருவின் கதிரை, உன் அம்மாவையும் என்னையும் பெற்ற ஐயா கொடுத்தது. பதினான்கு வருஷமாக அதில் இருந்து கால் நனைக்கிறவன் யார் என்றும் மறக்காமல் சொல்.

இதை வழக்கம்போலக் கீழ்க்கடை ஷிம்னா படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். டைப் பண்ணித் தருகிறேன் அங்கிள் என்று கேட்டாள். கையெழுத்து இல்லாத கடிதம் கை உடைந்த சொரூபம் மாதிரி என்று சொல்லிவிட்டேன்.

உன் மாமன்,
வே. சீமாம்பிள்ளை
(பேதுரு)


பலெர்மோ
5.12.2021

அன்பின் மாமா,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வாசித்துத் தனியே சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் நுளம்பு கடித்த அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம் நீங்கள் 'சின்னத் தடிமல்' என்று எழுதியது நியூமோனியா. 'சின்ன ஒழுக்கு' என்று எழுதியது பாதிக் கூரை. நல்லதைப் பெருப்பிப்பீர்கள், கெட்டதைச் சிறுப்பிப்பீர்கள். அம்மாவிடம் கேட்டால், மாமா சொன்ன அளவுதான் என்று உங்களுக்கே சாட்சி சொல்கிறா. ஆகையால் புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயக் குத்தியை வைத்து ஷிம்னாவைக் கொண்டு படம் எடுத்து அனுப்புங்கள்.

விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். கைக்கு வரும்வரை இந்த நாட்டை விட்டு அசைய முடியாது. அதுவரை எனக்குக் கண் நீங்கள்தான் மாமா.

அன்புடன்,
இமெல்டா


கொட்டாஞ்சேனை
22.2.2022
பேதுருவின் பீடத் திருநாள்

அன்புள்ள மருமகளுக்கு,

இன்றைக்கு உலகம் முழுக்க நம் கதிரைக்குத் திருநாள். பூசை முடிய இதைப் பாதரிடம் சொன்னேன். அது ரோமாபுரியில் இருக்கிற பீடம் ஐயா என்றார். சரி, அது பெரிய கிளை, இங்கே இருப்பது சின்னக் கிளை என்று அவரைத் திருத்திவிட்டு வந்தேன். சுவிசேஷத்தில் ஆண்டவர், நான் யார் என்று சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். பதினொரு பேரும் நிலத்தைப் பார்க்க, நம்முடைய ஆள் மட்டும் கை தூக்காமலே பதில் சொன்னார். மோட்சத்துத் திறப்புக் கோர்வை அவருக்குக் கிடைத்தது அதனால்தான்.

குத்தியை வைத்துப் படம் எடுக்கச் சொன்னாய். எடுத்தோம். குத்தி சின்னதாகவும் புண் பெரிதாகவும் தெரிந்ததால் அனுப்பவில்லை. தைமாதம் பெருவிரல் கறுத்துவிட்டது. கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். துணி மாற்றும்போது நான் உள்ளே நிற்பதில்லை. ஓட்டோக்காரனிடம் பேரம் பேச ஒரு ஆள் வெளியே வேண்டுமே. டொக்டர் அம்மா சொன்னது, மருந்து போட்டுப் பார்ப்போம், கேட்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்கத்தான் வேண்டும். இதோ, முழுவதும் எழுதிவிட்டேன். இனி என்னைப் பொய்யன் என்று சொல்லாதே.

ஆனால் நான் பேனை எடுத்தது அதற்கல்ல, ஒரு முறைப்பாட்டுக்கு. போன கிழமை ஒரு மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டு உன் அம்மா எதிரில் வந்து இருந்தாள்.

"இந்தமுறை கதிரையை எனக்குத் தாவன், அண்ணை."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"முப்பத்தொரு வருஷம் கன்னியர் மடத்துக் குசினியிலை நிண்ட கால். போறதெண்டா, போக முதல் ஒருக்கா அந்தத் தண்ணி படட்டும்."

அன்றைக்கு மேசையில் இருந்த பன்னிரண்டு பேரும் ஆம்பிளைகள் என்று நான் வேதம் எடுத்துச் சொன்னேன். பன்னிரண்டு பேருக்கும் ஆர் சமைத்தது என்று கேட்டாள். அது எழுதப்படவில்லை என்றேன். எழுதினதும் சாப்பிட்ட ஆக்கள்தானே என்றாள். பெண்களின் காலையும் கழுவலாம் என்று பாப்பரசர் எப்போதோ எழுதிவிட்டாராம். எழுதியிருக்கலாம். எங்கள் ஐயாவின் கதிரையைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்று தொடங்கி எனக்குக் குழம்பில் உப்பு இல்லை. நீ அவளுக்கு எடுத்துச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

உன் மாமன்,
சீமாம்பிள்ளை


பலெர்மோ
3.3.2022

மாமா,

நேற்றுச் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போக, நான் பராமரிக்கிற இத்தாலியக் கிழவி, சிஞ்ஞோரா, அழுக்கு என்று நினைத்துத் துடைக்கக் கை நீட்டினா. தொண்ணூற்றொரு வயது, நான் யார் என்பதே பாதி நாள் மறந்துபோகும்.

நீங்கள் எனக்கு மூன்று மாதம் மறைத்ததைப் பற்றி இப்போது கதைக்கவில்லை. அதற்கு ஒரு நாள் வரும்.

கதிரையை அம்மாவுக்குக் கொடுங்கள். நாள் தவறாமல் நான் இந்தச் சிஞ்ஞோராவின் பாதங்களைச் சுடுதண்ணியில் வைத்துக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் ஒற்றி, கிறீம் பூசிச் சப்பாத்துப் போட்டுவிடுகிறேன். என்னைப் பெற்றவவின் பாதம் கறுத்துக்கொண்டு வருகிறது, எனக்குத் தொட முடியவில்லை. நீங்கள் அங்கே இருந்துகொண்டு எழுதப்பட்டதா எழுதப்படவில்லையா என்று வழக்குப் பேசுகிறீர்கள்.

ஆண்டவர் கால் கழுவ வந்தபோது பேதுருவும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் அசல் பேதுரு.

இமெல்டா


கொட்டாஞ்சேனை
22.3.2022
தபசுகாலத்து மூன்றாம் கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

பங்குச் சபையை உன் மாமன் தனியாளாக நின்று வென்றுவிட்டான். முதலில் அதைக் கேள்.

கதிரையை உன் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். நீ எழுதினதற்காக அல்ல, நானாகவே. போன கிழமை கிளினிக்கால் வரும்போது ஓட்டோவுக்குள் அவள் ஒரு கதை சொன்னாள். ஏழு வயதில் ஒரு நாள் கோயிலில் ஆள் இல்லாத நேரம் அந்தக் கதிரையில் ஏறி இருந்தாளாம். ஐயா கண்டுவிட்டு ஏசவில்லையாம். தூக்கி இறக்கிவிட்டு, அவள் இருந்த இடத்தைத் தன் சால்வையால் துடைத்தாராம். அறுபது வருஷமாக என்னிடம் சொல்லாத கதை. ஆமர் வீதிச் சந்தியில் வைத்து நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு சபை கூடியது. செயலாளர் ஸ்டனிஸ்லாஸ் மாஸ்டர் எழும்பினார். அது ஆம்பிளைகளின் கதிரை என்றார். புண்ணோடு வந்தால் மணக்கும், சனம் முகம் சுளிக்கும் என்றார். நான் கேட்டேன்:

"லாசரு செத்து நாலு நாள் மணந்தவர். ஆண்டவர் மூக்கைப் பொத்திக்கொண்டோ கூப்பிட்டவர், மாஸ்டர்?"

ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது என்றார். ஒழுங்கைப் பற்றி அவர் என்னோடு கதைத்திருக்கக் கூடாது. அவர் வீட்டுக் கதிரை பன்னிரண்டாவது.

"உங்கடை கதிரையை நீங்கள் மத்தியாஸ் எண்டு சொல்லுறியள். மத்தியாஸ் அண்டைக்கு அந்த அறையிலையே இல்லை. அதிலை இருந்தது ஆரெண்டு இந்தப் பங்கிலை எல்லாருக்கும் தெரியும். மரியாதைக்குக் கேக்காமல் இருக்கிறம்."

காட்டிக்கொடுத்தவனின் பெயரை நான் வாயில் எடுக்கவே இல்லை. பாதருக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, கதிரை வீட்டாருடையது, யார் இருப்பது என்பதை அந்த வீடு முடிவு செய்யட்டும் என்றார். நாற்பது பேர் கை தட்டினார்கள். வந்திருந்தது பதினொரு பேர்தான், ஆனால் சத்தம் நாற்பது பேருடையது.

இனி மற்றது. நேற்று டொக்டர் அம்மா மருந்து போதும் என்று சொல்லிவிட்டா. இந்தக் கிழமையே எடுக்க வேண்டும், விஷம் மேலே ஏறுகிறது. படிவத்தை நீட்டினா. உன் அம்மா பேனையைத் தொடவில்லை. ஞாயிறு சுவிசேஷத்தில் வாசித்த அத்திமரக் கதையை எடுத்தாள். காய்க்காத மரத்தைத் தறி என்கிறான் உடையவன், இன்னும் ஒரு வருஷம் விடுங்கோ, கொத்திப் பசளை போட்டுப் பார்க்கிறேன் என்கிறான் தோட்டக்காரன்.

"அவன் ஒரு வருஷம் கேட்டவன். நான் கேக்கிறது இருபத்துநாலு நாள். பெரிய வியாழன் முடிய நானே வாறன் எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

சிங்களத்தில் மொழிபெயர்த்தது நான்தான். அத்திமரத்துக்குச் சொல் வராமல் பலாமரம் என்றேன். எந்தப் பலாமரம் என்று டொக்டர் அம்மா குழம்பிவிட்டா. பிறகு விளங்கியதும் படிவத்தை மடித்து வைத்தா. அத்தனை நாள் உயிரோடு இருப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்றா.

உன் அம்மாவின் துணிவை நீ பார்த்திருக்க வேண்டும். என் தங்கச்சி அல்லவா.

உன் மாமன்,
சீமாம்பிள்ளை


பலெர்மோ
23.3.2022

மாமா,

இது துணிவு இல்லை. கதிரைக்காக அவ சாகப் போகிறா, நீங்கள் பக்கத்தில் நின்று கை தட்டுகிறீர்கள்.

நேற்று அம்மாவோடு ஒரு மணித்தியாலம் கத்தினேன். போனை வைத்துவிட்டா. இனி உங்களால்தான் முடியும். எப்படி என்று எனக்குத் தெரியாது. அவவைக் கையெழுத்து வைக்கச் செய்யுங்கள். செய்யாமல் அம்மாவுக்கு ஒன்று நடந்தால் எனக்கு மாமா என்று ஒருவர் இல்லை, உங்களுக்கு மருமகள் என்று ஒருத்தி இல்லை.

கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். மூன்று தரம் எழுதி அழித்து, நாலாம் தரம் எழுதுகிறேன்.

இமெல்டா


கொட்டாஞ்சேனை
4.4.2022
திங்கள், பின்னேரம்

அன்புள்ள இமெல்டா,

முதலில் செய்தி. கையெழுத்து வைத்தாச்சு. பகல் சத்திரசிகிச்சை முடிந்தது. அம்மா உயிரோடு இருக்கிறாள். கண் திறந்து, சோறு எப்போது தருவார்கள் என்று கேட்டாள்.

சனி பின்னேரம் தொடக்கம் இன்று காலை வரை நாடு முழுக்க ஊரடங்கு. நேற்று வாட்ஸ்அப்பையும் நிறுத்திவிட்டார்கள், அதனால்தான் உனக்கு ஒன்றும் வரவில்லை. ஞாயிறு பூசை கிடையாது, கோயில் பூட்டு. கல்லெறிய இருந்தவர்கள் நடுவில் ஆண்டவர் குனிந்து நிலத்தில் எழுதின சுவிசேஷத்தை வீட்டில் நானே வாசித்தேன். என்ன எழுதினார் என்பது எனக்கு மட்டும் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

வாசித்து முடிய அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. கறுப்பு கணுக்கால்வரை வந்துவிட்டது. இன்னும் வியாழன் வியாழன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

பத்து மணிபோல பாதர் ஊரடங்குப் பாஸ் எடுத்துக்கொண்டு வந்தார். கழுவினார். துடைத்தார். முத்தமிட்டார். நான் பக்கத்தில் நின்று தண்ணி வார்த்தேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு உன் அம்மா, நாளைக்கு விடியப் போவம் என்றாள். ஆறு மணிக்கு ஊரடங்கு எடுத்தது, ஆறு ஐந்துக்கு நாங்கள் ஓட்டோவில்.

மாமா


கொட்டாஞ்சேனை
15.4.2022
பெரிய வெள்ளி

அன்புள்ள மருமகளுக்கு,

இன்றைக்கு ஒரு சந்தி, பசியில் எழுதுகிறேன், ஆகையால் ஒரு சொல்லும் கூட்டி எழுதப் பலமில்லை. எல்லாம் நடந்தபடியே.

அம்மாவைச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். கட்டிலை விட்டு அசையக் கூடாது என்று டொக்டர் அம்மா சொன்னதை நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டாள். வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு வெள்ளைச் சேலை உடுத்து, மடத்துச் சிஸ்டர்மார் தந்த சக்கர நாற்காலியில் ஏறி இருக்கிறாள். எங்கே என்று கேட்டேன். எங்கே எண்டு தெரியாதோ, தள்ளுங்கோ என்றாள். நீ ஏசுவாய். ஏசு. நானும் ஏசினேன், தள்ளிக்கொண்டே ஏசினேன்.

புது வருஷமும் பெரிய வியாழனும் ஒரே நாளில். காஸ் இல்லாமல் வாசலுக்கு வாசல் விறகு வைத்துப் பொங்கிக்கொண்டிருந்த சைவ ஆட்கள் எங்களுக்கு வழி விட்டார்கள்.

கோயில் வாசலில் ஸ்டனிஸ்லாஸ் மாஸ்டர் பெயர்க் கடதாசியோடு நின்றார். சக்கர நாற்காலியைக் கதிரை என்று கணக்கெடுக்க முடியாதாம், கதிரையில் இருந்தால்தான் கழுவலாமாம்.

"அப்ப என்னைத் தூக்கி அதிலை வையுங்கோ," என்றாள் உன் அம்மா.

நாற்பது தொன் தூக்கினவன் நான். தூக்கினேன். என் முழங்கால் கொஞ்சம் மறுத்ததால் ஏழாம் கதிரைக்காரரும் ஒன்பதாம் கதிரைக்காரரும் வந்து பிடித்தார்கள். கதிரை வழுக்கப் பார்த்தது. பின்னால் நின்று அதை அசையாமல் பிடித்துக்கொண்டது யார் என்று நினைக்கிறாய்? மாஸ்டர். பிடித்தவர், அவள் சரியாக இருக்கும்வரை விடவில்லை. இதை எழுதாமல் விடவும் யோசித்தேன். நடந்தது, எழுதுகிறேன்.

பேதுருதானே முதல். பாதர் தண்ணிச் சட்டியோடு வந்து முழங்காலில் இருந்தார். அவர் எல்லாருக்கும் வலது காலைத்தான் கழுவுவார். பழக்கத்தில் கை வலப்பக்கம் போய்விட்டது. அங்கே மடித்துவிட்ட சேலைதான் இருந்தது. கை அப்படியே நின்றது. உன் அம்மா இடது காலை முன்னால் நீட்டினாள்.

"அது முந்தியே கழுவியாச்சு, பாதர். இதைக் கழுவுங்கோ."

கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது. பாதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவர் கழுவத் தொடங்கினார். அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாக.

நான் தூணோடு நின்றேன். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு, பெரிய வியாழன் அன்று கால் நனையாமல் வீட்டுக்கு வந்தேன்.

உன் மாமன்,
சீமாம்பிள்ளை


பலெர்மோ
17.4.2022
உயிர்த்த ஞாயிறு

என் அன்பு மாமா,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். பெரிய வியாழனுக்காக உங்கள் இருவரையும் ஏசக் கடிதம் எழுதத் தொடங்கினேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். பாதர் ஏன் நிமிர்ந்து உங்களைப் பார்த்தார்? அவர் கழுவின கால் என்றால் அவருக்குத் தெரிந்திருக்குமே.

அம்மாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் மழுப்பினா. பிறகு சொன்னா.

அந்த ஞாயிறு பாதர் வரவில்லை. யாரும் பாஸ் எடுக்கவில்லை. அரிசி கழுவுகிற சட்டியில் தண்ணி கொண்டுவந்தது நீங்கள். கிளினிக் வாசலைத் தாண்டி உள்ளே வராத நீங்கள், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்து, அந்தத் துணியை உங்கள் கையாலேயே அவிழ்த்தீர்கள். பாதியில் எழும்பி ஓடிப் பின்வாசலில் சத்தி எடுத்தீர்கள். அவ்வளவோடு நிற்பீர்கள் என்று அம்மா நினைத்தாவாம். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து விட்ட இடத்தில் இருந்து கழுவினீர்கள். யோவான் சுவிசேஷம் என்று எதையோ சொல்லிக்கொண்டே கழுவினீர்களாம், அதில் ஒரு வசனம்தான் சரியாம். அம்மா சொன்னது அப்படியே:

"பெரிய வியாழன் எனக்கு அண்டைக்கே வந்திட்டுது, பிள்ளை. பிறகேன் நான் காத்திருக்கிறது."

ஏன் எனக்குப் பாதர் என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். நான் கழுவினேன் என்று எழுதினால் அவள் நம்பமாட்டாள் என்று நீங்கள் சொன்னீர்களாம்.

மாமா, கடலில் விழாத பெட்டிகளை நான் நம்பவில்லை. ரோமாபுரிச் சுவாமியாரின் ஜாடையையும் நம்பவில்லை. இதை நம்புகிறேன். மார்ச்சில் நான் எழுதிய கடிதம் உங்கள் சட்டைப் பையில் இன்னும் இருந்தால் கிழித்துப் போடுங்கள். உங்களுக்கு ஒரு மருமகள் இருக்கிறாள்.

அந்த ஞாயிறைத் திருப்பி எழுதி அனுப்புங்கள். யார் கழுவினது என்று எழுதுங்கள். தண்ணி எவ்வளவு, கறுப்பு எவ்வளவு, எந்த வசனம் சரி என்று எல்லாம் எழுதுங்கள். பெருமை அடித்து எழுதுங்கள் மாமா. இந்த முறை நான் பாதியாக்கி வாசிக்க மாட்டேன்.

உங்கள் மருமகள்,
இமெல்டா